எரிந்த கட்சி, எரியாத கட்சி

காமன் எரிந்தானா, எரியவில்லையா என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் மிகப் பழைய வழக்கு. மாசி மாதக் காமன் பண்டிகையின்போது தஞ்சைப் பகுதியில் லாவணிப் பாடகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து அமர்வார்கள். சிவனின் நெற்றிக்கண் காமனைச் சாம்பலாக்கிவிட்டது என்று சாதிப்பது எரிந்த கட்சி. இச்சையை எந்த நெருப்பும் அழிக்காது, ஆகவே அவன் எரியவே இல்லை என்று மறுப்பது எரியாத கட்சி. மராத்தியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்து சேர்ந்த லாவணி, தமிழ் உழவனின் வாயில் இப்படியொரு தர்க்க சபையாக மாறிற்று. கேள்விக்கு எதிர்க்கேள்வி, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்று இரவு கழியும். விடியும்போது வழக்குத் தீர்ந்திராது. அடுத்த மாசிக்குத் தவணை போட்டுவிட்டு இரு கட்சியாரும் வயலுக்குப் போவார்கள்.

அந்த வழக்கு இன்று வேறொரு வடிவில் நம் மலைநாட்டில் நடக்கிறது. கண்டி மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள மடுல்கெல்லத் தோட்டங்களானாலும் சரி, அட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களானாலும் சரி, காமன் கூத்தைப் பற்றியும், அதற்கு உயிரான தப்பைப் பற்றியும் படித்த இளைஞர்கள் இரு கட்சிகளாக நிற்கிறார்கள். "இது நம் பாட்டன் பூட்டன் தந்த செல்வம், காப்பாற்ற வேண்டும்" என்கிறது ஒரு கட்சி. "இது நம் கழுத்தில் கட்டிய அடிமைப் பட்டயம், எரித்துவிட வேண்டும்" என்கிறது மறு கட்சி.

கலைப் பாதுகாப்பு என்ற அளவில் இந்தச் சர்ச்சையை முடித்துவிட முடியாது. இதன் அடியில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது. ஒரு கலையின் பெயரால் எவர் இழிவுபடுத்தப்பட்டாரோ, அவரிடமே சென்று அந்தக் கலையைக் காப்பாற்றித் தா என்று கேட்கும் உரிமை சமுதாயத்திற்கு உண்டா? உண்டென்றால், எந்த நிபந்தனையின் பேரில்? இதற்கு விடை தேட வேண்டுமானால், கூத்து எங்கிருந்து வந்தது, யார் தோளில் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

*

காமனைத் தொழுவது தமிழர்க்குப் புதிதன்று. கலித்தொகை காமவேள் விழாவைப் பேசுகிறது. பிரிந்த கணவனைப் பெறக் காமவேள் கோட்டத்தைத் தொழலாம் என்று சிலப்பதிகாரத்துத் தேவந்தி கண்ணகிக்கு யோசனை கூறுகிறாள். கண்ணகி அதை மறுத்துவிடுகிறாள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி காமனை நோக்கிய நோன்போடுதான் தொடங்குகிறது. ஆனால் ஏட்டில் இருந்த காமன் நக்கிள்ஸ் மலைக்கு வரவில்லை. வந்தவன் வேறு காமன். ஊர்ப் பொட்டலில் கம்பம் ஊன்றித் தெருவில் ஆடப்பட்ட காமன்.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர் தொடங்கிற்று. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதை நெடுகப் பிணங்களை விட்டுச் சென்றன. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியது. 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை. துரை, கங்காணி, கணக்குப்பிள்ளை என்ற அடுக்கும் மாறவில்லை.

அந்த மக்கள் தூக்கி வந்த மூட்டையில் இடம் கொஞ்சம். ஆனால் மனத்தில் தூக்கி வந்தவற்றுக்குச் சுங்கம் இல்லை. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் அப்படி வந்தவை. மூன்றிலும் மக்களை மிகவும் பற்றிக்கொண்டது காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். வேடம் கட்டுவோர் விரதம் காப்பார்கள். ரதியும் ஓர் ஆணே. நாள்தோறும் மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு, தப்பு முழங்க ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். வாசல்தோறும் விளக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய கடைசி இரவில் இந்திரன், தூதன், நந்தி, எமன், வீரபத்திரன், குறவன், குறத்தி என்று எல்லாப் பாத்திரங்களும் இறங்கிவிடும். விடியும் தறுவாயில் காமன் தகனம். அதன்பின் ரதியின் புலம்பல். பிறகு அவனை உயிர்ப்பிக்கும் சடங்கு.

இந்தக் கூத்துக்கு மண்டபம் இல்லை, மேடை இல்லை, சீட்டு இல்லை. லயத்து வாசலே அரங்கு. பகலில் துரைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் உரியதாக இருந்த அந்த மண், இரவில் சில நாட்களுக்கு மட்டும் உழைக்கிறவனுக்கு உரியதாயிற்று.

*

எத்தனையோ புராணக் கதைகள் இருக்க, இந்த ஒரு கதை தோட்டத்து மக்களை ஏன் இப்படி ஆட்கொண்டது? மழை வேண்டியும் வளம் வேண்டியும் ஆடுகிறார்கள் என்பது ஒரு விடை. அது உண்மையே. ஆயினும் அது மட்டும் போதாது.

கதையைச் சற்று நின்று நோக்குவோம். அசுரரால் அல்லலுற்ற தேவர்கள் தங்கள் காரியம் நிறைவேறச் சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டும். யாரை அனுப்புவது? இந்திரன் தானே போகவில்லை. காமனை ஏவினான். காமனுக்கு அந்தத் தவத்தோடு எந்தப் பகையும் இல்லை. ரதி தடுத்தும், ஏவல் என்பதால் போனான், அம்பு எய்தான், எரிந்தான். தேவர்களின் காரியம் நிறைவேறிற்று. ஏவியவன் அரியணையில் இருந்தான், ஏவப்பட்டவன் சாம்பலானான், அவன் மனைவி தலைவிரி கோலமாகப் பொட்டலில் நின்றாள்.

மன்னார்ப் பாதையில் கணவனைப் புதைத்துவிட்டு மலையேறிய பெண்ணுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலீஸ் குண்டுக்குக் கோவிந்தன் பலியான பிறகு அந்தப் புலம்பலைக் கேட்டவர்களுக்கும் விளக்கம் தேவைப்பட்டிராது. கதையின் முடிவையும் பாருங்கள். காமன் மீண்டும் உயிர் பெறுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையைப் பறித்த சட்டமும் மலைநாட்டு மக்களை எந்த நிலைக்குத் தள்ளின? உயிரோடு இருந்தார்கள், உழைத்தார்கள், ஆனால் தம்மவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தார்கள். சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1964 ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு பாதியாக்கப்பட்டார்கள். வாத்தியார் ஒரு கரையிலும் சீடன் மறு கரையிலுமாகக் கூத்துக் குழுக்கள் பிய்ந்தன. நாடற்றோராக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

கூத்தை ஆடியவர்கள் இந்தப் பொருளை எண்ணித்தான் ஆடினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மக்கள் எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களோ, அதில் தங்கள் வாழ்வின் சாயலைக் காண்கிறார்கள் என்பதே நம் கருத்து. அந்த அளவில் காமன் கூத்து தமிழ்நாட்டிலிருந்து வந்ததாயினும், தேயிலைச் செடிகளின் நடுவே மறுபடி பிறந்தது. எரியாத கட்சியின் முதல் வாதம் இதுவே. அதன் வலிமையை நாம் மறுக்கவில்லை.

*

இனி எரிந்த கட்சியின் வாதத்தைக் கேட்போம். அது தப்பைப் பற்றியது.

தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. மரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டி, நெருப்பில் காய்ச்சி, தடித்த அடிக்குச்சியும் மெல்லிய சிண்டுக்குச்சியும் கொண்டு அடிக்கும் கருவி அது. நெருப்பில் காய்ச்சாத தப்பு பேசாது. ஆட்டத்தின் நடுவே மறுபடி மறுபடி நெருப்புக்குத் திரும்ப வேண்டும். அதன் மூதாதையான பறையைத் தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. நிலத்துக்கு ஒரு தெய்வம், ஒரு மரம், ஒரு பறவை இருப்பதுபோல ஒரு பறையும் இருந்தது. அன்று அது நிலத்தின் குரல். பின்னர்ச் சாதிச் சமுதாயம் அதை ஒரு குலத்தின் கடமையாக்கி, அந்தக் கடமையையே தீண்டாமைக்குச் சான்றாகவும் ஆக்கிற்று. சாவு வீட்டில் அடி, ஊர்ச் செய்தி அறிவிக்க அடி, அடித்துவிட்டு எட்டி நில்.

கடலைக் கடந்தபோது சாதி மூழ்கிவிடவில்லை. லயங்களிலும் சாதிப் பிரிவு இருந்தது. கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரராக இருந்தார். ஆங்கிலத் துரையும் தப்பைப் பயன்படுத்திக்கொண்டான். விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூட்டியது தப்பின் ஒலியே. பனியில் உறங்கும் மக்களை வேலைக்களத்துக்கு எழுப்பிய அந்த ஓசையை சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளில் நாம் கேட்கலாம். ஆக, ஒரே கருவி விடியலில் துரையின் கட்டளையாகவும் மாசி இரவில் மக்களின் மகிழ்ச்சியாகவும் ஒலித்தது. இரண்டையும் அடித்த கை ஒன்றே. அந்தக் கைக்கு இரண்டிலும் மதிப்பில்லை.

இது பழங்கதையென்று தள்ளிவிட முடியாது. மடுல்கெல்லப் பகுதியில் ஒரு பாடசாலை. கலைவிழாவுக்குக் காமன் கூத்தின் ஒரு பகுதியை மேடையேற்றலாம் என்று நாம் வகுப்பில் யோசனை சொன்னோம். மாணவர்கள் ஆரவாரித்தார்கள். ரதிக்கு மூவர் போட்டியிட்டார்கள். "தப்படிக்க யார்?" என்று கேட்டோம். நாற்பது முகங்களும் ஒரே மாணவன் பக்கம் திரும்பின. எவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவன் எழுந்து, "எனக்குத் தப்படிக்கத் தெரியாது, சேர்" என்றான். அவனுடைய தகப்பனார் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர்போன தப்புக்காரர். பையன் தொட்டிலிலேயே அந்தத் தாளத்தைக் கேட்டவன்.

அந்த மாணவன் சொன்னது பொய்யா? சொல்லளவில் பொய். ஆனால் அறத்தின் தராசில் அதை நிறுத்துப் பார்த்தால் அது ஒரு மறுப்பு. பிறப்பு எழுதி வைத்த பாத்திரத்தை நான் ஏற்கமாட்டேன் என்ற மறுப்பு.

இதே மடுல்கெல்ல மண்ணில் இன்னொரு மறுப்பும் முன்பு நிகழ்ந்தது. 1936இல் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைத்தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், துரையாக மாட்டேன் என்று தொழிலாளர் பக்கம் சேர்ந்தார். வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937இல் ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதென அவரை விடுவித்தது. நாம் அவரைப் போற்றுகிறோம். உச்சியில் பிறந்தவன் தன் பாத்திரத்தை மறுத்தால் அது வீரம் என்கிறோம். அடியில் பிறந்தவன் மறுத்தால் மட்டும், "கலையைக் கைவிடுகிறான்" என்று எப்படிக் குறை சொல்வோம்?

*

இந்த இடத்தில் நம் பார்வையைக் கரிபியன் தீவுகளின் பக்கம் சற்றுத் திருப்புவது பயன் தரும். அங்கும் தோட்டம், அங்கும் அதே பேரரசு, தேயிலைக்குப் பதில் கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றதும், அவர்களுடைய இடத்துக்கு இந்தியக் கூலிகள் ஏற்றி வரப்பட்டார்கள். 1838இல் கயானா, 1845இல் திரினிடாட், 1854இல் பிரெஞ்சுக்காரரின் குவாதலூப் என்று அந்தக் கப்பல்கள் சென்றன. சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏறிய தமிழர்களும் அவற்றில் இருந்தார்கள். கயானாவின் மாரியம்மன், காளி பூசைகளில் இன்றும் முழங்கும் மேளத்துக்குத் 'தப்பு' என்றே பெயர். குவாதலூப்பில் 'நாடகம்' என்ற நம் சொல் 'நாத்ரோன்' என்று உருமாறி, கூத்தின் பெயராக நிலைத்தது. மொழியை இழந்தவர்கள் தாளத்தை இழக்கவில்லை.

ஆனால் நமக்குப் பாடமாகும் வரலாறு திரினிடாட்டின் ஆப்பிரிக்க மக்களுடையது. திருவிழாக் காலத்தில் தீவட்டியும் மேளமும் கழியாட்டமுமாகத் தெருவில் இறங்கிய அவர்களை 1881இல் பொலீஸ் தடுத்தது, கலகம் மூண்டது. 1883, 1884 ஆண்டுகளின் சட்டங்கள் தோல் மேளத்தை ஒடுக்கின. 1884 அக்டோபரில் இந்தியத் தொழிலாளரின் ஹோசே ஊர்வலத்தின் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டார்கள். தோலுக்குத் தடை வந்ததும் அம்மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் மோதி இசை எழுப்பினார்கள். பிறகு தகர டப்பாக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய்ப் பீப்பாய்களின் தகட்டைக் குழித்துத் தட்டிச் சுரங்களையே பிறப்பித்தார்கள். போக்கிரிகளின் வாத்தியம் என்று மேட்டுக்குடியினர் பழித்த அந்த எஃகு மேளம் 1951இல் லண்டன் விழாவுக்குச் சென்றது. 1992இல் நாட்டின் தேசிய இசைக்கருவி என்று அறிவிக்கப்பட்டது.

அதே தீவின் லிம்போ ஆட்டத்துக்கு வேறு விதி. சாவு வீட்டின் இரவு விழிப்பில், தாழ்ந்த கோலின் கீழே உடலை வளைத்து நுழைந்து எழும் ஆட்டம் அது. அடிமைக் கப்பலின் நெருக்கடியில் முடங்கிய உடல்களின் நினைவு அதில் இருப்பதாகக் கயானா எழுத்தாளர் வில்சன் ஹாரிஸ் 1970இல் எழுதினார். அந்த ஆட்டம் பின்னாளில் விடுதிகளில் உல்லாசப் பயணிகளின் வேடிக்கையாக விற்பனைக்கு வந்தது. துக்கத்தைக் கழற்றிவிட்டு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இவற்றை நம் தப்போடு ஒப்பிடுவோம். திரினிடாட்டில் எசமானன் மேளத்துக்கு அஞ்சினான், தடுத்தான். நம் தோட்டத்தில் எசமானன் மேளத்தைக் கூலிக்கு அமர்த்தினான். தடையை எதிர்த்து ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் திரள முடியும். மேளம் திரும்பியபோது எல்லாருக்குமாகத் திரும்பியது. நம்முடைய நிலை அதனினும் சிக்கலானது. தப்பை அடித்தவனுக்கு இழிவைத் தந்தவன் வெள்ளைக்காரன் மட்டும் அல்லன். பக்கத்து லயத்துச் சக தொழிலாளியும்தான். ஆகவே ஏகாதிபத்தியத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. திரினிடாட் மக்கள் வெளியிலிருந்த பகைவனை வென்றால் போதும். நாம் உள்ளிருக்கும் பகைவனையும் வெல்ல வேண்டும்.

*

எரியாத கட்சியில் சிலர் ஒரு சமரசம் சொல்கிறார்கள். தப்பைக் குலத்தின் கையிலிருந்து எடுத்து, மெருகேற்றி, மேடையில் வைத்துவிட்டால் இழிவு தானே போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். இதற்கும் நம்மிடையே ஒரு வரலாற்றுச் சோதனை உண்டு. தேவரடியார் ஆடிய சதிர் 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரில் மறுவாழ்வு பெற்றது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அந்தக் கொடுமை ஒழிந்தது நன்றே. ஆனால் கலைக்கு என்ன நேர்ந்தது? ஆட்டத்துக்கு மரியாதை வந்தது. தலைமுறை தலைமுறையாக அதை உடலில் சுமந்த பெண்களுக்கு வரவில்லை. பாலசரசுவதி போன்ற ஓரிருவரே பரம்பரையின் பெயரால் அரங்கில் நிமிர்ந்து நின்றார்கள். ஏனையோர் தம் பிறப்பை மறைத்து வாழ நேர்ந்தது. நகையைக் கழுவி அணிந்துகொண்டு, நகை செய்தவளை வாசலில் நிறுத்திய கதை அது. தப்புக்கு இந்த வழியைக் காட்டுவோர், தப்பின் மேல் காட்டும் பரிவைத் தப்புக்காரன்மேல் காட்டவில்லை.

ஆக, ஒடுக்கப்பட்டோரின் ஆட்டத்துக்கு வரலாறு நான்கு விதிகளை விதித்திருப்பதைக் காண்கிறோம். தடை, விற்பனை, அபகரிப்பு, கட்டாயம். நான்கிலும் பொதுவானது ஒன்று. ஆடுகிறவனுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

நம் விடை அங்கேதான் தொடங்க வேண்டும். முதலாவது, மறுக்கும் உரிமை. தப்படிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில், அடிக்கிறேன் என்பதற்குப் பொருளில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாவுக்குப் பறையடிக்க மறுத்த இளைஞர்கள் ஒரு கலையை அழித்தார்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் செய்தது வேலைநிறுத்தம். ஊழியத்தை நிறுத்தினால்தான் கலை எது, ஊழியம் எது என்று பிரித்தறிய முடியும். இந்த அளவில் நாம் எரிந்த கட்சியோடு நிற்கிறோம்.

இரண்டாவது, எல்லாக் கைகளும். தப்பு நம் அனைவருக்கும் பொதுச்செல்வம் என்று மேடையில் முழங்குகிற எரியாத கட்சியாரைப் பார்த்து நாம் கேட்கிறோம்: பொதுச்செல்வம் என்றால், உங்கள் பிள்ளையின் கையில் அந்தக் குச்சி ஏன் இல்லை? வீணை கற்க அனுப்புகிறீர்கள், மிருதங்கம் கற்க அனுப்புகிறீர்கள். மிருதங்கத்திலும் இருப்பது மாட்டுத்தோல்தான். ஒரே மாட்டின் தோல் ஒரு கருவியில் புனிதமாகவும் மற்றொன்றில் தீட்டாகவும் ஆவது எந்தத் தர்க்கம்? பொது என்று சொல்கிறவன் பங்கு சுமக்க வேண்டும். ஒருவன் மட்டும் சுமக்க, மற்றவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் செல்வத்துக்குப் பொதுச்செல்வம் என்று பெயரில்லை.

"அப்படியானால் அது சதிரின் கதையாக, இன்னொரு அபகரிப்பாக ஆகிவிடாதா?" என்று எரிந்த கட்சி கேட்கும். நியாயமான அச்சம். ஆகவே மூன்றாவது நிபந்தனை, ஆசான் யார் என்பது. தப்பைக் கற்க விரும்பும் எவரும் தப்புக்காரரின் முன்னே மாணவராக உட்கார வேண்டும்; அவரை ஆசான் என்று அழைக்க வேண்டும்; கற்பித்ததற்கு ஊதியம் தர வேண்டும்; அவர் பெயர் அழைப்பிதழில் முதலில் வர வேண்டும். சதிரில் கலை மட்டும் மேலே சென்றது. இங்கு கலைஞனும் சேர்ந்து செல்ல வேண்டும். இது நடக்காத கனவன்று. 1990களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். மதுரை மாவட்டத்து வேலு ஆசான் சாதி கடந்து எண்ணற்றோருக்குப் பறை கற்பித்தார். 2025இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. பறையடிப்பவரைக் கீழாக நடத்தியவர்களின் பிள்ளைகள் அவரை ஆசான் என்று அழைத்ததை நாம் விருதினும் பெரிதாக மதிக்கிறோம். ஒருவருக்குக் கிடைத்த சிறப்பைக் காட்டி, லயத்து மூலையில் இன்னும் எட்டி நிற்கும் ஆயிரம் பேரை மறந்துவிடவும் கூடாது.

நாம் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இழிவுபட்டவனிடம் அவன் கலையைக் காத்துத் தா என்று கேட்கும் உரிமை, அந்த இழிவைத் தானும் தோளேற்று ஒழிக்க முன்வராத எவனுக்கும் இல்லை. ஒரு கலையின் மூலத்தை ஆராய்வது அறிவு. அதன் மூலவருக்கு நீதி வழங்குவது அறம். முன்னதை மட்டும் செய்துவிட்டுப் பின்னதை விட்டுவிடும் ஆராய்ச்சி, கம்பத்தைத் தொழுதுவிட்டு அதை ஊன்றியவனை விரட்டும் பக்தியைப் போன்றது.

ஆசிரியராகிய நமக்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அது பெரிய புரட்சியன்று. ஒரு வகுப்பறையில் தொடங்கக்கூடியது. "தப்படிக்க யார்?" என்று கேட்கும்போது நாற்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பாத நாள் வர வேண்டும். அதற்குக் குச்சியை முதலில் ஆசிரியர் எடுக்க வேண்டும். பிறகு ரதி வேடத்துக்குப் போட்டியிட்டவர்கள். பிறகு மேல்லயத்துக் கங்காணியின் பேரனும் பேத்தியும். கற்பிக்க அந்த மாணவனின் தகப்பனாரைப் பாடசாலைக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகும் அந்த மாணவன், "எனக்குக் கணிதப் போட்டிதான் பிடிக்கும், சேர்" என்றால், அதுவும் அவன் உரிமை. மற்றவர்கள் அடிக்கட்டும்.

மாசி வரும், மூன்றாம் பிறை கண்டு மலையடிவாரத்தில் கம்பம் ஊன்றுவார்கள். எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே அமரட்டும். பிறப்பால் வந்த கட்டாயம் எரிய வேண்டும் என்று ஒரு கட்சி பாடட்டும். எந்தக் கையிலும் ஒலிக்கத்தக்க தாளம் எரியக் கூடாது என்று மறு கட்சி பாடட்டும். இந்த ஒரு வழக்கில் இரு கட்சியும் ஒருங்கே வெல்ல முடியும். தவணை கேட்காமல் தீர்த்து வைப்பது நம் பொறுப்பு.